பத்தாம் கட்டைக்கு இடப்பக்கம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சௌகரியமாக உட்கார்ந்து படியுங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். இதற்கு மதிப்பெண் கிடையாது.

இந்தக் கதை எனக்கு ஒரு பெண்ணின் கால்களிலிருந்து கிடைத்தது. முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். ஜனவரி மாதம் ஒரு மாலை, பளபளவென்று மெழுகு பூசிய மரத்தரையில், அந்தக் கால்கள் மூன்று எட்டு இடப்பக்கம் போயின, நின்றன, திரும்பி நடுவுக்கு வந்தன. நடந்தது அவ்வளவுதான். ஆறு வருடமாக அதை எழுதப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கால்கள் நிற்கிற இடத்தில் நானும் நின்றுவிடுகிறேன்.

1

தொடக்கங்கள் நிறைய எழுதினேன். தூக்கிப் போட மனசு வராததால் இங்கேயே வைக்கிறேன்.

"பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அயோவா மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில், ஏழு இளம் மருத்துவர்கள்—"

இதை விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் ஜனவரியில் பனி கொட்டாத மாலை என்று ஒன்று வந்தால் அதை எழுதலாம்.

"என் பெயர் ஆர்லீன். ஒரு மருத்துவமனையில் குடும்ப மருத்துவப் பயிற்சிப் பிரிவின் அலுவலகத்தை இருபத்தேழு வருடம் நடத்திய—"

வேலைக்கு விண்ணப்பம் போடுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் இருக்கட்டும்.

"அந்தப் பெண் பொய்யாக ஆடினாள்."

இது நல்ல தொடக்கம். யாராக இருந்தாலும் அடுத்த வரியைப் படிப்பார்கள். ஆனால் நியாயமில்லை. அன்று மாலையின் முதல் பொய்யைச் சொன்னது அவள் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

2

மருத்துவக் கல்லூரி முடித்த கையோடு யாரும் எங்கள் நாட்டில் தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. சில வருடம் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். அந்த இடத்துக்காக குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய் நேர்காணல் கொடுப்பார்கள். பிப்ரவரியில் அவர்கள் தங்களுக்குப் பிடித்த இடங்களை வரிசையாக எழுதுவார்கள், நாங்கள் எங்களுக்குப் பிடித்த பிள்ளைகளை வரிசையாக எழுதுவோம், கணினி ஜோடி சேர்க்கும். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாடு முழுக்க ஒரே நேரத்தில் உறையைப் பிரிப்பார்கள். ஜோடி சேராதவர்களுக்கு அந்த வாரம் திங்கட்கிழமையே ஒரு மின்னஞ்சல் வந்துவிடும். அப்படி ஒருமுறை விடுபட்டவரை அடுத்த வருடம் கூப்பிடுகிறவர்கள் குறைவு. இரண்டு முறை விடுபட்டால் கிட்டத்தட்ட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எங்களிடம் ஆறு இடம். வருகிறவர்கள் எழுபது பேர். மேலே இருப்பவர்கள் பலர் வேறு ஊருக்குப் போய்விடுவதால், வரிசையில் முதல் இருபதுக்குள் இருந்தால் நம்பிக்கை உண்டு. நாற்பதுக்குக் கீழே போனால் எங்கள் ஊரை மறந்துவிடலாம்.

ஒவ்வொரு நேர்காணல் நாளுக்கும் முந்தின மாலை ஒரு விருந்து உண்டு. பெரிய மருத்துவர்கள் யாரும் வரமாட்டார்கள். பயிற்சி மருத்துவர்களும் விண்ணப்பித்த பிள்ளைகளும் மட்டும். பீட்சா, பொரித்த சீஸ் உருண்டை, பேச்சு. எழுபது பேரில் அறுபத்தைந்து பேர் ஓய்வு நேரத்தில் மலையேறுவதாகச் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு மேடு கூடக் கிடையாது. தட்டில் கடைசித் துண்டு பீட்சாவை ஒருவரும் எடுக்க மாட்டார்கள், அதனால் நேர்காணல் பருவத்தில் என் வீட்டு நாய் குண்டாகும்.*

அழைப்பு மின்னஞ்சல் என்னுடையது. முதல் வருடம், பயந்துகொண்டு வருகிற பிள்ளைகள் பாவம் என்று ஒரு வரி சேர்த்தேன்: "இந்த மாலை உங்களுக்கானது. இதற்கு மதிப்பெண் கிடையாது." அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று வருடத்தில், விருந்துக்கு மறுநாள் காலையில் பயிற்சி மருத்துவர்கள் காப்பிக் கோப்பையோடு என் மேசையில் வந்து சாய்ந்து, இவன் இப்படி, அவள் அப்படி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி தட்டச்சு செய்து கோப்பில் வைக்க ஆரம்பித்தேன். அழைப்பில் இருந்த வரி அப்படியே இருந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

* மூன்று நாய்கள். இருபத்தேழு வருடம் அல்லவா.

3

அந்த வருடம் விருந்தை பௌலிங் கூடத்தில் வைத்தோம். பெரிய பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. வாடகைக் காலணிக்காக எல்லாரிடமும் கால் அளவு கேட்டிருந்தேன். ஒரே ஒரு பதில் மட்டும் இப்படி வந்தது: "ஏழரை. ரொம்பப் பழைய காலணியாக இருந்தால் எட்டு." வாடகைக் காலணி பழசானால், மருந்து தெளித்துக் காய்ந்து காய்ந்து முன்பக்கம் சுருங்கும் என்பது பௌலிங் கூடத்திலேயே கிடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவளுக்கு மார்னி என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. (காலணி அளவையும் மாற்றியிருக்கிறேன்.)

மார்னியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நீங்கள் அவள் பக்கம் சாய்வீர்களா என்பதுதான் அது. ஒரு வரைவில் அவளுக்கு நோயாளித் தகப்பனைக் கொடுத்தேன். இன்னொன்றில் தம்பி ஒருவன், சக்கர நாற்காலியில்—

எடுத்துவிட்டேன். அவள் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. நல்ல உயரம், கொஞ்சம் பெரிய பல், எதிரே இருப்பவர் பேசி முடிக்கிறவரை காத்திருந்து பேசுவாள். முந்தின வருடம் ஜோடி சேராமல் விடுபட்டவள். இந்த வருடம் அவளைக் கூப்பிட்டது இரண்டே இடம், அதில் ஒன்று நாங்கள். இவ்வளவு போதாது என்று தோன்றினால் மேலே படிக்க வேண்டாம்.

நான் ஏன் அங்கே இருந்தேன் என்று கேட்கலாம். பெயர் அட்டை கொடுக்க, காலணி எடுத்துக் கொடுக்க, கடைசியில் ரசீதில் கையெழுத்துப் போட. பிள்ளைகளின் கணக்கில் நான் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்த மாட்டார்கள். அதனால் நான் பார்க்கிற முதுகுகள்தான் நிஜ முதுகுகள்.

4

மார்னியின் முறை வந்தது. பந்துகளில் மூன்றை எடுத்து, துளையில் கட்டைவிரலை விட்டுப் பார்த்து, திருப்பி வைத்தாள். நாலாவதை எடுத்தாள். காலணியின் அடியை விரலால் ஒருதரம் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் நாலு எட்டு நடந்து, சறுக்கி, உருட்டினாள்.

ஒன்பது கட்டை விழுந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு விட்டேன் என்றாள்.

மிஞ்சி நின்றது பத்தாம் கட்டை, அதைச் சாய்க்க இன்னொரு உருட்டு உண்டு. வலப்பக்கம் பின்மூலையில் நிற்கிறது அது. ஆடத் தெரியாதவர்கள் அதற்கு நேராக வலப்பக்கம் போய் நின்று நேரே விடுவார்கள், பந்து ஓரப் பள்ளத்தில் விழும். ஆடத் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கம், இடது ஓரத்துக்குப் போய், அங்கிருந்து குறுக்கே சாய்வாக உருட்டுவார்கள். இது தானாக வராது. யாராவது சொல்லித் தர வேண்டும், அதற்குப் பிறகும் இருநூறு தடவை தவறவிட வேண்டும். ஒருநாள் யோசிக்கிறதற்கு முன்பே கால் இடப்பக்கம் போகும்.

மார்னியின் கால் போனது. மூன்று எட்டு. அங்கே நின்றாள். பிறகு ஏதோ மறந்தவள் மாதிரி நடுவுக்கு வந்து, மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி, பந்தைப் பள்ளத்தில் போட்டாள்.

அதற்கப்புறம் அவள் பந்து நேராகப் போகவேயில்லை. தலைமைப் பயிற்சி மருத்துவன் டெவினுக்குக் கொண்டாட்டம். "கவலப்படாத, நம்ம ஆஸ்பத்திரி லிஃப்டும் இப்படித்தான், அது இஷ்டத்துக்குத்தான் போகும்" என்றான். அவள் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். கடைசியில் முந்நூறுக்கு டெவின் நூற்று இருபத்தெட்டு, அவள் எழுபத்து நாலு.

பக்கத்துத் தடத்தில் கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒரு பையன் நூற்றுத் தொண்ணூற்றொன்று போட்டான். ஒவ்வொரு முறையும் அடக்கமாகத்தான் தலையசைத்தான். மறுநாள் காலை டெவின் என் மேசையில் சாய்ந்து அவனைப் பற்றிச் சொன்னது: "நல்லவன்தான் ஆர்லீன். ஆனா கொஞ்சம் அதிகமா ஜெயிக்கிறான்."

மார்னியைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே தட்டச்சு செய்தேன்: ஆட வராது, ஆனால் தோற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

5

இந்தப் பகுதியை எழுதாமல் தவிர்க்கத்தான் மற்றதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதினேன் போலிருக்கிறது.

அன்று மாலை, எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது, மார்னி காலணியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நாடாவை உள்ளே மடித்துவிட்டு, இரண்டு குதிகாலும் என் பக்கம் வரும்படி நீட்டினாள். கூடத்தில் வேலை செய்தவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள்.

நான் பேசாமல் வாங்கி வைத்திருக்கலாம்.

"பத்தாம் கட்டைக்கு எதுக்கு இடப்பக்கம் போன?" என்றேன்.

"எங்க நின்னா என்ன மேடம், எப்படியும் பள்ளத்துலதானே விழுது."

"நான் முப்பத்தொரு வருஷமா செவ்வாய்க்கிழமை பௌலிங் லீக்ல ஆடறேன், கண்ணு."

அவள் சிரிப்பு நின்றது. பின்னால் திரும்பி டெவின் எங்கே என்று பார்த்தாள். அவன் வாசலில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா கூடம் நடத்தறார். பன்னெண்டு தடம். நான் அங்கதான் வளந்தேன்."

"எவ்வளவு போடுவ?"

"நல்லா போனா இருநூத்திப் பத்து."

"பின்ன எதுக்கு இந்த எழுபத்தி நாலு?"

முந்தின வருடம் வேறொரு ஊரில் இப்படி ஒரு விருந்தாம். ஏதோ பேச்சில் இவளுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள், கொஞ்சம் கூடவே. முந்திக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று இவளைப் பற்றி ஒரு வரி போனதாம். அங்கே வேலை பார்த்த தோழி ஒருத்தி, எல்லாம் முடிந்த பிறகு சொன்னாளாம். இதைச் சொல்லும்போது மார்னி என்னைப் பார்க்கவில்லை, காலணியைப் பார்த்தாள்.

நான் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன். "இங்க அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. நான்தான் எழுதியிருந்தேனே, இதுக்கு மார்க் கிடையாதுன்னு."

"எழுதியிருந்தீங்க." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "மார்க் கிடையாதுன்னா நீங்க ஏன் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

[இந்த இடத்தில் எனக்கு நல்ல பதில் ஒன்று எழுதியிருந்தேன். இரண்டு வரி, கூர்மையாக இருந்தது. உண்மையில் நான் சொன்னது "ரோடு வழுக்கும், பாத்து ஓட்டு" என்பதுதான். அதனால் அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டேன்.]

6

பிப்ரவரி. வரிசை போடுகிற கூட்டம். இயக்குநர் டாக்டர் ஹால்வர்சன் நல்ல மனிதர். எழுபது பெயரையும் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு பென்சிலால்தான் எண் போடுவார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் பேசி முடித்த பிறகு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "உங்களுக்கு ஏதாவது தோணுச்சா, ஆர்லீன்?"

ஒன்றுமில்லை என்று சொல்வேன். அவர் அடுத்த பெயருக்குப் போவார்.

அந்த வருடம் வரைக்கும் நாலே தடவைதான் வேறு பதில் சொல்லியிருந்தேன். பரிமாறுகிற பெண்ணை விரல் சொடுக்கிக் கூப்பிட்டவன் ஒருவன். தனியாக வீடு போக முடியாத அளவுக்குக் குடித்தவள் ஒருத்தி. நோயாளியை வைத்துக் கேலி பேசியவன் ஒருவன். நாலாவது ஆள், பாதி விருந்தில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனவன். நாலு பேருக்கும் ஹால்வர்சன் ஏன் என்று கேட்கவில்லை. அழிப்பானை எடுத்தார், எண் கீழே போனது, அவ்வளவுதான்.

நாலாவது ஆளிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. தபாலில் சுற்றிவிட்டு, வரிசையை அனுப்பிய மறுநாள் வந்தது. சொல்லாமல் கிளம்பியதற்கு மன்னிக்க வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று மனைவி கூப்பிட்டாள் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவனுக்கு வேறு எங்கே கிடைத்தது, கிடைத்ததா என்று நான் தேடவில்லை.

மார்னியின் பெயர் வந்தது. நேர்காணல் நன்றாகப் போயிருந்தது, முந்தின வருடம் விடுபட்டது மட்டும்தான் குறை. பதினெட்டு என்று யாரோ சொன்னார்கள். ஹால்வர்சன் கோப்பைப் புரட்டி, நான் தட்டச்சு செய்த வரியைச் சத்தமாகப் படித்தார். தோற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினார். "எனக்கு இதுதான் வேணும். தோக்கத் தெரியாதவங்க கையில நோயாளியக் குடுக்கறது கஷ்டம்." பென்சிலால் ஒன்பது என்று எழுதினார்.

ஒன்பது என்றால் கிடைத்த மாதிரிதான். அந்த ஒன்பது என் வரியின் மேல் நின்றது, என் வரி பள்ளத்தில் விழுந்த பந்துகளின் மேல் நின்றது.

பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. நான் சொல்கிறேன். அவள் இருநூற்றுப் பத்து போடுகிறவள், எங்கள் எல்லாரையும் ஏமாற்றினாள் என்று. ஹால்வர்சன் ஏன் என்று கேட்கவில்லை. அழிப்பானின் தூளை ஊதிவிட்டு நாற்பத்து நாலு என்று எழுதுகிறார். மார்ச் மாதத் திங்கட்கிழமை, பன்னிரண்டு தடம் உள்ள ஒரு கூடத்தில், ஒரு பெண் கைபேசியைப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைக்கிறாள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பயந்து ஒன்றை மறைத்தவள், நாளைக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் அதையும் மறைக்க மாட்டாள் என்று யார் சொல்வது.

இரண்டு. ஒன்றுமில்லை என்கிறேன். ஜூலையில் அவள் வேலைக்கு வருகிறாள். நல்ல மருத்துவராக இருக்கிறாள். ஆனால் வருடா வருடம் எங்கள் பிரிவின் பௌலிங் நாளில், டெவினுக்கு நினைவிருக்குமே என்பதற்காகவும் என் கோப்புக்காகவும், எழுபத்து நாலே போடுகிறாள். நான் காலணிக் கவுண்டரில் நின்று அவள் கால்களைப் பார்க்காமல் இருக்கப் பழகுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான், அதனாலேயே இதை நம்ப மாட்டேன்.

மூன்று. "அந்தப் பொண்ணு நல்லா ஆடுவா, டாக்டர். வர்ற பிள்ளைங்க ஜெயிச்சா நமக்குப் பிடிக்காதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்கிறேன். கனெக்டிகட் பையன் அப்போது வரிசையில் முப்பத்தெட்டில் இருக்கிறான். ஹால்வர்சனின் பென்சில்—

இதை முடிக்க முடியவில்லை. இருபத்தேழு வருடம் அவரோடு வேலை பார்த்தும், அப்போது அவர் பென்சில் மேலே போகுமா கீழே போகுமா என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் காரணத்தோடு நான் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை.

உண்மையில் நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அந்த அறையில் பேசியதை வெளியே சொல்வதில்லை என்று வருடா வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்றாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

8

சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த அக்டோபரில் அழைப்பு மின்னஞ்சலைத் திறந்து, மதிப்பெண் கிடையாது என்ற வரியை அழித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது? நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம் என்றா? ஹால்வர்சனிடம் கேட்டேன். "பிள்ளைங்க பயந்துடுவாங்க, ஆர்லீன்" என்றார். அதுவும் சரிதான். வரியைத் திரும்பத் தட்டச்சு செய்தேன். ஓய்வு பெறுகிறவரை அது அங்கேயே இருந்தது.

இதுவரை எழுதியதை நேற்று முதலிலிருந்து படித்துப் பார்த்தபோது கவனித்தேன், முதல் பத்தியில் உங்களிடமும் அதையே எழுதியிருக்கிறேன். யோசித்து எழுதவில்லை. அவளுக்குக் கால் தானாகப் போன மாதிரி எனக்குக் கை தானாகப் போயிருக்கிறது. அழித்துவிடலாம் என்று பார்த்தேன், விட்டுவைத்தேன்.

நீங்களும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். அவள் கால்களை, எழுபத்து நாலை, என் வரியை, இழுப்பறையில் இருக்கிற கடிதத்தை. கூட்டம் இன்னும் முடியவில்லை. பென்சில் ஒன்பதின் மேல் இருக்கிறது. ஹால்வர்சன் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்கிறேன், அவர் பார்வை என்னைத் தாண்டி உங்களிடம் வருகிறது.

"உங்களுக்கு ஏதாவது தோணுச்சா?"

சும்மா சொல்லுங்க. இதுக்கு மார்க் கிடையாது.